பொருளாதாரப் பெருமந்தமும் தமிழக ஊர்களும்

பொருளாதாரப் பெருமந்தம் என்பது 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து உலகெங்கும் பரவி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்த வணிக முடக்கம் ஆகும். பள்ளிப் பாடங்களில் இது பெரும்பாலும் அமெரிக்க வங்கிகளோடும் ஐரோப்பிய அரசியலோடும் முடிந்துவிடும். நம் ஊர்களுக்கு என்ன நேர்ந்தது என்று மாணவர் கேட்டால் ஆசிரியரிடமும் பதில் இருப்பதில்லை. பல ஆண்டுகள் என்னிடமும் இல்லை. சென்னை மாகாணத்தின் தமிழ்ப் பகுதிகளை இந்த மந்தம் ஒரே விதமாகத் தாக்கவில்லை. திருவண்ணாமலை வட்டாரம் கடனில் சிக்கித் தவித்த அதே ஆண்டுகளில் கோயம்புத்தூர் ஆலை நகரமாக வளர்ந்தது.

மல்லாட்டையும் திருவண்ணாமலையும்

இன்று திருவண்ணாமலை என்றால் பௌர்ணமிக் கிரிவலமும் அதை நம்பிய விடுதிகளும் கடைகளும் நினைவுக்கு வருகின்றன. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் கூடுவது கடந்த சில பத்தாண்டுகளில் ஏற்பட்ட வழக்கம். 1930 வாக்கில் திருவண்ணாமலை வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். கோயிலும் கார்த்திகைத் தீபமும் அதையொட்டிய மாட்டுச் சந்தையும் ஊருக்குப் பெயர் தந்தன. ஆனால் சுற்றுப்புற மானாவாரி நிலத்துக் குடியானவர் கையில் காசைச் சேர்த்தது வேர்க்கடலை. இந்தப் பக்கத்தில் இதற்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக் கொட்டை என்றும் சொல்வார்கள்.

ஆர்க்காட்டு மாவட்டங்களின் மல்லாட்டை மண்டிகள் வழியாகச் சென்னை, புதுச்சேரி முதலான துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெயும் சோப்பும் செய்யப்பட்டன. ஆகவே செங்கம், போளூர் பக்கத்துப் புன்செய் நிலத்தின் விலை நிலவரம் மார்செய் ஆலைகளின் கொள்முதலைப் பொறுத்திருந்தது. விதைக்கும் பருவத்திலேயே மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். அறுவடையானதும் சரக்கு அவருக்கே போக வேண்டும்.

1929க்குப் பிறகு இரண்டு, மூன்று ஆண்டுகளில் விளைபொருள்களின் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. வரியும் கடனும் வட்டியும் ரூபாய்க் கணக்கில் அப்படியே நின்றன. பத்து மூட்டை விற்று அடைத்திருக்கக் கூடிய கடனுக்கு இருபது மூட்டை தேவைப்பட்டது. மண்டிக்காரரும் கடன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார், ஏனெனில் அவருக்குப் பணம் கொடுத்த நகரத்து முதலாளிகள் தம் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. கடனில் இருந்த குடும்பங்கள் நகைகளை விற்றன. அந்தத் தங்கம் பம்பாய் வழியாக இலண்டனுக்குப் போனது. ஏற்றுமதிக் கணக்கில் அது நாட்டுக்கு வந்த வரவாகத் தெரிகிறது. வீட்டில் அது மகளின் கழுத்திலிருந்து இறங்கிய நகை.

செட்டிநாடும் நாகப்பட்டினமும்

காரைக்குடிக்கு வந்த இடி வேறு விதமானது. நகரத்தார் பர்மாவின் நெல் விவசாயிகளுக்கு நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்திருந்தார்கள். நெல் விலை விழுந்தது, கடன் வசூலாகவில்லை, ஈட்டு நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930 இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலம் 1938 இல் சுமார் 25 விழுக்காடு ஆயிற்று. பார்வைக்குச் செல்வம், உண்மையில் முடங்கிய பணம். நிலமிழந்த பர்மிய விவசாயிகளின் கோபமும் அதோடு வளர்ந்தது. 1942 ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் 1948 இல் வந்த நில தேசியமயச் சட்டமும் எஞ்சியதையும் கொண்டுபோயின.

ஆயினும் அந்தச் சமூகத்தின் மூலதனம் முழுதும் பர்மாவில் அழியவில்லை. ஒரு பகுதி ஆலை, வங்கி, திரைப்படம் எனத் திசைமாறியது. 1937 பிப்ரவரி 10 அன்று மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் கிளை திறந்தது.

நாகப்பட்டினத்தில் மந்தம் மனிதர்களாகவே வந்து இறங்கியது. இரப்பர் விலை வீழ்ந்ததால் மலாயாத் தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. 1930 முதல் 1932 வரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் திரும்பிய கிராமங்களில் அப்போது கூலி வேலையும் சுருங்கியிருந்தது.

கோயம்புத்தூர் வளர்ந்த விதம்

கோவையில் எல்லாம் தலைகீழாக நடந்தது. விளைபொருள் விலை வீழ்ந்தபோது பருத்தியும் மலிவானது. அது குடியானவருக்கு நட்டம், நூற்பாலைக்கு இலாபம். கிராமத்தில் வேலையில்லாததால் ஆட்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். வெளிநாட்டுத் துணி மீதான இறக்குமதி வரி படிப்படியாக உயர்ந்து, 1933 இல் பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிக்கு 75 விழுக்காட்டை எட்டியது. ஜப்பான் துணியைத் தடுப்பதே நோக்கம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1932 இல் மின்சாரம் தரத் தொடங்கியது. வசதியுள்ள விவசாயக் குடும்பங்கள் வட்டிக்கு விடுவதில் நம்பிக்கை இழந்து, ஆலைப் பங்குகளில் பணம் போட்டன. 1931 கணக்கெடுப்பில் 95 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை 1941 இல் 1 இலட்சத்து 30 ஆயிரமானது.

இதைக் கோவைக்காரரின் உழைப்பு என்று மட்டும் சொல்வது வழக்கம். உழைப்பு எல்லா ஊரிலும் இருந்தது என்பது என் கருத்து. செங்கத்துக் குடியானவர் சோம்பேறி அல்லர். அவர் விற்கும் பொருள் மலிந்தது, கோவை ஆலை வாங்கும் பொருள் மலிந்தது. கோவையிலும் இலாபம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 1937, 1938 ஆம் ஆண்டுகளின் ஆலை வேலைநிறுத்தங்களுக்குக் குறைந்த கூலி ஒரு முக்கியக் காரணம்.

கடன் நிவாரணச் சட்டம்

1937 இல் பதவியேற்ற இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938 ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. நிலத்தை அதற்கு முன்பே கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு இச்சட்டத்தால் பெரிய பயனில்லை. மந்தம் தொடங்கி ஒன்பதாவது ஆண்டில் வந்த சட்டம் இது.

பிற்கால நிலை

2008 உலக நிதி நெருக்கடியில், அமெரிக்க, ஐரோப்பியக் கொள்முதலை நம்பியிருந்த திருப்பூர் பின்னலாடைத் தொழில் அடிவாங்கியது. திருவண்ணாமலையின் பிழைப்பு அதற்குள் பெருமளவு பக்தர்களின் வருகைக்கு மாறியிருந்தது. மார்செய் விலையைப் பார்த்து வாழும் காலம் போய்விட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் வந்தபோது பௌர்ணமிக் கிரிவலம் நின்றது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்த 14 கிலோமீட்டர் பாதையில் பூக்கடை, இளநீர்க் கடை, தேநீர்க் கடை வைத்திருந்தவர்களுக்கும் ஆட்டோ ஓட்டியவர்களுக்கும் பௌர்ணமி மற்ற நாள்களைப் போன்ற ஒரு நாளாகவே கழிந்தது.