இராமநாதன், எஸ். (1917–1988)

கருநாடக இசைப் பாடகர், ஆசிரியர், இசை வரலாற்றாய்வாளர். விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டைகர் வரதாச்சாரியார் முதலியோரிடம் பயின்றார். சென்னையிலும் மதுரை சற்குரு சங்கீத வித்யாலயத்திலும் கற்பித்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவரானார். கச்சேரி, வகுப்பு, ஆய்வு என மூன்று துறைகளில் உழைத்தவர் என்று இவரை அறிமுகப்படுத்துவார்கள். அது பாதி உண்மையே. பாட்டு இல்லையென்றால் இவருடைய ஆய்வே இல்லை.

சிலப்பதிகாரத்தில் சுரக்குறிப்பு கிடையாது. அதன் உரைகள் தருவது நரம்புகளின் (சுரங்களின்) பெயரும் அலகுக் (சுருதிக்) கணக்கும்தான்: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. ஒவ்வொரு நரம்பையும் அதன் முந்திய நரம்பிலிருந்து இந்த அளவு தள்ளி வைத்துப் பாடினால் அரிகாம்போதி கேட்கிறது. அதுவே செம்பாலை என்னும் பழந்தமிழ்ச் சுரவரிசை. துத்தத்தைக் குரலாக்கினால், அதாவது ஆதார சுரமாக வைத்தால், நடபைரவி, உழையைக் குரலாக்கினால் சங்கராபரணம், தாரத்தைக் குரலாக்கினால் கல்யாணி. உரையில் சிக்கலாகத் தெரியும் பாலைத் திரிபைப் பாடகரின் தொண்டை கிரகபேதமாகச் சில நிமிடங்களில் அவிழ்த்துவிடும். ஆய்ச்சியர் குரவையின் முல்லைப்பண்ணை இராமநாதன் மோகனமாகக் கொண்டதும் இப்படிப் பாடிப் பார்த்துத் தேர்ந்த முடிபே.

இன்றைய ராகத்தில் ஊறிய காது பழைய நூலிலும் அதையேதானே கேட்கும் என்று கேட்கலாம். நியாயமான ஐயம். 'கருணாமிர்த சாகரம்' எழுதிய ஆபிரகாம் பண்டிதரும் இசை அறிந்தவரே. அவர் செம்பாலையைச் சங்கராபரணம் என்றார். ஆனால் இந்த வேறுபாடு காதால் வந்ததன்று. பண்டிதர் 22 அலகை ஏற்காமல் 24 என்று வாதிட்டவர். உரையின் எண்களை அப்படியே எடுத்துக்கொண்ட விபுலானந்தரின் 'யாழ்நூல்' அரிகாம்போதிக்கே வருகிறது. எண்தான் தீர்ப்புச் சொல்கிறது. பாடகரின் குரல் அந்தத் தீர்ப்பைச் சரிபார்க்கிறது. பண்ணின் அன்றைய கமகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் எந்தக் குரலாலும் மீட்க முடியாது. அந்த எல்லையை மறந்து பேசும் ஆய்வை நம்ப வேண்டியதில்லை.

பாட்டு, ஆய்வு என இரண்டு குதிரையில் சவாரி செய்தால் கச்சேரிப் புகழ் குறையும் என்பதும் பொய்யில்லை. சபா ரசிகர்களிடையே இவர் முன்னணி நட்சத்திரமாக இருந்ததில்லை. சங்கீத கலாநிதி விருது 1985இல்தான் வந்தது. மாணவர் வரிசை வேறு கணக்குச் சொல்கிறது: பி. உன்னிகிருஷ்ணன் இவரிடம் பயின்றவர். மற்றொரு மாணவி எஸ். சௌம்யா, மேடைப் பாடகராகவும் முனைவராகவும் விளங்கி, 2019இல் அதே விருதைப் பெற்றார்.