இருண்ட இரண்டு மாலைகள்: 1965, 2003



2003 ஓகஸ்ற் 14, வியாழக்கிழமை. பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம் தாண்டியிருக்கும். ரொறன்ரோவில் மின்சாரம் நின்றது. சந்திகளில் சிக்னல் விளக்குகள் அணைந்தன. நிலக்கீழ் ரயில்கள் ஓடவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் குப்பி விளக்கோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த எங்களவர்களுக்கு இருட்டு புதிதல்ல. ஆனால் அங்கே மின்சாரம் ஏன் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே போரும் இல்லை, புயலும் இல்லை. பிறகு ஏன் நின்றது?

விடை தேட 38 வருடங்கள் பின்னுக்குப் போக வேண்டும்.

உயர் அழுத்த மின்சாரத்துக்கு இரண்டு காவல் உண்டு. ஒன்று றிலே. கம்பியில் மின்னோட்டம் அளவு கடந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அந்தக் கம்பியைத் துண்டிக்கச் சொல்லும் கருவி இது. மற்றது, என்ன நடக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்குக் காட்டும் விளக்கும் மணியும். முதலாவது கருவியைக் காக்கிறது. இரண்டாவது மனிதருக்குச் செய்தி சொல்கிறது.

1965 நவம்பர் 9, மாலை 5:16. ஒன்ராறியோவில் நயாகராக் கரையிலுள்ள சேர் அடம் பெக் மின் நிலையத்திலிருந்து ரொறன்ரோப் பக்கம் போகும் ஐந்து 230 கிலோவோல்ற் கம்பிகளில் ஒன்றை றிலே துண்டித்தது. கம்பியில் எந்தப் பழுதும் இல்லை. 1963 இல் அந்த றிலேக்கு ஓர் எல்லை வைத்திருந்தார்கள். கம்பி தாங்கக்கூடிய அளவை விட அது குறைவு. இடையில் மின் தேவை கூடிவிட்டது, எல்லையை யாரும் மாற்றவில்லை. அப்படி ஓர் எல்லை இருப்பதே கடமையில் நின்றவர்களுக்குத் தெரியாது. ஒரு கம்பி போனதும் அதன் சுமை மற்ற நாலிலும் ஏறியது. சில வினாடிகளில் அவையும் போயின. போக வழியற்ற மின்சாரம் நியூயோர்க் பக்கம் பாய்ந்தது. சுமார் 3 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். சில இடங்களில் 13 மணி நேரம் வரை மின்சாரம் வரவில்லை.

2003 இல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒஹாயோவில், அக்ரன் நகரிலுள்ள பேர்ஸ்ற் எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2:14 க்குப் பிறகு எச்சரிக்கை முறை செத்துப்போனது. மென்பொருளில் இருந்த ஒரு பிழைதான் காரணம். மணி அடிக்கவில்லை, திரையில் எச்சரிக்கை விழவில்லை. எல்லாம் சரி என்றே அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். உங்கள் கம்பி ஒன்று துண்டித்து மீண்டும் இணைந்ததே என்று அயல் நிறுவனம் 2:32 க்குத் தொலைபேசியில் கேட்டது. அப்படி ஒன்றும் காணவில்லை என்று பதில் போனது. சேவர் கணினிகள் நின்றுபோனது கணினிப் பிரிவினருக்குத் தெரியும். அவர்கள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவில்லை.

3:05, 3:32, 3:41 என்று மூன்று 345 கிலோவோல்ற் கம்பிகள் விழுந்தன. மூன்றிலும் சுமை அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. வெட்டாமல் விட்ட மரங்களே எமன். 4:06 அளவில் இன்னொரு பெரிய கம்பியை, கூடிய மின்னோட்டத்தைப் பழுது என்று எடுத்துக்கொண்டு, றிலே துண்டித்தது. அதன்பின் எவராலும் தடுக்க முடியவில்லை. எட்டு அமெரிக்க மாநிலங்களிலும் ஒன்ராறியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள்.

முதல் இருட்டுக்குப் பிறகு, 1968 இல், மின் நிறுவனங்கள் கூடி நம்பகத்தன்மைக்கென ஒரு பேரவை அமைத்தன. அதன் விதிகளைத் தாமாக விரும்பிப் பின்பற்றினால் போதும் என்றிருந்தது. இரண்டாவது இருட்டுக்குப் பிறகு அமெரிக்கா 2005 இல் சட்டம் இயற்றியது. 2007 இலிருந்து அங்கே விதிகள் கட்டாயமாயின, மீறினால் தண்டம்.

மணி அடிக்கவில்லை என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஆபத்து இல்லை, அல்லது மணியே செத்துவிட்டது. அக்ரனில் இருந்தவர்கள் முதலாவதை மட்டுமே நினைத்தார்கள்.

எங்கள் வீட்டுக் கூரையிலும் அப்படி ஒரு மணி இருக்கிறது. புகை எச்சரிப்புக் கருவி. சமைக்கும்போது கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றி வைத்த வீடுகளும் உண்டு. இந்தத் தாளை மூடி வைத்ததும் ஒரு கதிரையில் ஏறி அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள். அது கத்தினால்தான் அதன் மௌனத்தை நம்பலாம்.