கப்பலின் கதவும் கணினியின் கணக்கும்

கடல் வணிகம் என்றாலே நம்மவர்களுக்குப் பூம்புகாரும் ராஜேந்திர சோழனும்தான் நினைவுக்கு வருவார்கள். நான் இங்கே எடுத்துக்கொண்டது வேறு விஷயம். நடுக்கடலில் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால், மேல்தளத்தில் நின்று கப்பலை நடத்துகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

சீனத்தின் குவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதைப் பலர் அறிவீர்கள். அதே துறைமுகத்தின் சேற்றிலிருந்து 1974-இல் சோங் அரசர் காலத்துக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். குறுக்குச் சுவர்களால் பிரிக்கப்பட்ட 13 அறைகள் அதில் இருந்தன. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாது, கப்பல் மிதக்கும். சேதக் கட்டுப்பாட்டின் அடிப்படை இன்றைக்கும் இதுதான்.

13 அறைகள் என்றால் ஓர் ஆள் விளக்கோடு சுற்றிப் பார்த்துவிடலாம். 2022-இல் நம் கடற்படையில் சேர்ந்த விக்ராந்தில் சுமார் 2,200 அறைகள்! இதற்குக் கணினி இல்லாமல் முடியாது. எங்கே தண்ணீர், எங்கே புகை, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சென்சார்கள் சொல்லும். கப்பல் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கணினி கணக்குப் போடும்.

இந்த ஏற்பாடெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

1987 மார்ச் 6. கார், லாரிகளை ஏற்றிச் செல்லும் 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற கப்பல் பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்கு, முன்கதவு திறந்தபடியே கிளம்பியது. மூட வேண்டியவர் தம் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மேலே இருந்த கேப்டனுக்கு அது தெரிய வழியே இல்லை. கதவு மூடியிருப்பதைக் காட்ட ஒரு விளக்கு வேண்டும் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள், கிடைக்கவில்லை. 193 பேர் மாண்டார்கள். ஒரு பல்பு, கொஞ்சம் கம்பி, இதற்கு எவ்வளவு ஆகியிருக்கும்னு வியாபாரியான என் மனசு கணக்குப் போடத்தான் செய்கிறது.

அடுத்த ஆண்டே சர்வதேச விதிகளைத் திருத்தினார்கள். இத்தகைய கப்பல்களில் கதவு விளக்கு கட்டாயமாயிற்று. தண்ணீர் கசிவதைக் காட்ட டிவி கேமரா போன்ற ஏற்பாடும் வந்தது.

விளக்கு வந்தாச்சு, ஆபத்து தீர்ந்ததா? 1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடல் புயலில் 'எஸ்டோனியா' கப்பலின் முகப்பு மூடியை அலைகள் பிய்த்து எறிந்தன. மூடி போன பிறகும் 'பூட்டியிருக்கிறது' என்றே காட்டும்படி அந்த விளக்கு அமைந்திருந்தது. காரணம், அதன் சென்சார் தாழ்ப்பாளைப் பார்த்ததே தவிர மூடியைப் பார்க்கவில்லை. என்ஜின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் தண்ணீர் வருவதை டிவியில் கண்டார். மேல்தளத்து டிவியோ, கப்பலை நடத்துகிறவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. 852 பேர் இறந்தார்கள். எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறோம்: பேரேட்டில் இருப்பு சரியாக இருக்கும், கிடங்கைத் திறந்தால் மூட்டை இருக்காது.

மூன்றாவது, நார்வே போர்க்கப்பல் 'ஹெல்கே இங்ஸ்டாட்'. முழுக் கணினிக் கண்காணிப்பு உள்ள கப்பல் இது. 2018 நவம்பர் 8 அன்று எண்ணெய்க் கப்பலோடு மோதியது. உள்ளே குழாய் போலிருந்த சுழலித் தண்டுகளின் வழியாகத் தண்ணீர் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள், கப்பல் போயிற்று. இறங்கும் முன் கதவுகளையும் திறப்புகளையும் மூடியிருந்தால் கப்பல் தப்பியிருக்கும் என்று 2021-இல் விசாரணை அறிக்கை சொன்னது.

முதல் கப்பலில் விளக்கு இல்லை. இரண்டாவதில் விளக்கு தவறான இடத்தைப் பார்த்தது. மூன்றாவதில் கணினியே இருந்தும், மூட வேண்டிய கை மூடவில்லை. குவான்சௌ தச்சன் சுவர் எழுப்பிய காலம் முதல் தத்துவம் ஒன்றுதான்: அறை மூடியிருந்தால் மட்டுமே அது அறை.

நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் கப்பல் என்ஜினியர்களாகப் போகிறார்கள். அவர்களுக்குப் பெரியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பலகையில் பச்சை விளக்கு எரிகிறதே என்று இருந்துவிடாதீங்க தம்பி. அந்த விளக்கின் கம்பி எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.