நாள் தெரியாதவர்களின் நினைவு நாள்

பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே கடலை நோக்கிச் சென்றால், மல்லிப்பட்டினத்தை அடுத்துச் சரபேந்திரராஜன் பட்டினம் என்னும் சிற்றூர் வரும். அங்கே கரையை ஒட்டி, அறுகோண வடிவில், எட்டு நிலைகளோடு ஏறத்தாழ 75 அடி உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. மனோரா என்பது அதன் பெயர். அந்தச் சொல் நமக்குப் புதிதன்று. அரபியில் மனாரா, பள்ளிவாசல்களின் உயர்ந்த கோபுரங்களை நம் முதியவர்கள் மனோரா என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். நாகூரில் ஆண்டகையின் தர்காவில் நிற்கும் பெரிய மனோராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் பிரதாப சிங்கின் மகன் துளஜாவுக்குச் சுவீகார புத்திரராக வந்த இரண்டாம் சரபோஜி கட்டுவித்ததுதான் இந்தக் கடற்கரை மனோரா.

ஆனால் இது தொழுகைக்கு அழைக்க எழுந்த மனோராவன்று. ஒரு போரின் நினைவுச் சின்னம். நெப்போலியன் போனபார்ட் வீழ்ந்தான், ஆங்கிலேயர் வென்றனர் என்பதைக் கொண்டாட 1814-15ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்டது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தஞ்சைக் கோட்டையோடு நின்றுவிட்ட மன்னர் சரபோஜி. கல்வியிலும் மருத்துவத்திலும் சுவடிகளைத் தொகுப்பதிலும் அவர் பெரியவர், அதில் ஐயமில்லை. என்றாலும், தஞ்சாவூர்க்காரன் ஒருவன்கூடப் போய் நின்றிராத ஐரோப்பியப் போர்க்களத்துக்காக, தஞ்சைச் சீமையின் கரையில், தஞ்சைச் சீமையின் பணத்தில் ஒரு கோபுரம்! அது இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது.

அதே கரையிலிருந்து உண்மையாகவே போருக்குப் போனவர்கள், போர் வந்து வாரிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களுக்கு இங்கே என்ன நிற்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போரில் மதராஸ் ஸாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படை மெசபொட்டேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, அனுப்பப்பட்டது. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்த படை அது. நம் வீடுகளில் மௌலிது ஓதி நினைவுகூரப்படும் முஹ்யித்தீன் ஆண்டகை அடங்கியிருக்கும் பக்தாத் நகரை நோக்கித் துருக்கிக் கலீஃபாவின் படைக்கு எதிராக நடந்த ஒரு முஸ்லிம் சிப்பாயின் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும்? 1917 மார்ச் 11 அன்று பக்தாத் ஆங்கிலேயர் வசமாயிற்று. மெசபொட்டேமியாவில் மடிந்து கபுர் அறியப்படாதவர்களுக்காக 1929இல் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைச் சிப்பாய் ஒவ்வொருவர் பெயரும் அதில் இருந்தது. இந்தியரில் அதிகாரிகளின் பெயர் மட்டுமே இருந்தது; மற்றவர்களுக்கு, இன்ன படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். அந்தப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் ஆகியோரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நூறாண்டுக்குப் பின் வந்த ஒப்புதல், இருந்தாலும் வந்தது.

இரண்டாம் போரில் கதை வேறு விதமாயிற்று. அதைச் சொல்வதற்கு முன் நம் பகுதியின் சஃபர் வாழ்க்கையை நினைத்துக்கொள்ள வேண்டும். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், பொதக்குடி, ராஜகிரி, பண்டாரவாடை, நாகூர் என்று காவிரிப் படுகையின் எந்த முஸ்லிம் ஊரை எடுத்தாலும், வீட்டுக்கு ஒருவர் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ரங்கூனிலோ இருந்த காலம் அது. வயலில் நெல் விளைந்தது. வீட்டில் காசு கப்பலில் வந்தது. நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு. ‘ரஜூலா’ என்ற பெயரைச் சொன்னால் இன்றும் கண் விரியும் முதியவர்கள் உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வந்து, பிள்ளையின் முகம் பார்த்து, மீண்டும் கப்பலேறிய சபுராளிகள் அவர்கள்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மார்ச் 8 அன்று ரங்கூன். ஒரு மாதத்துக்குள் கப்பல் நின்றது, கடிதம் நின்றது, உண்டியல் பணம் நின்றது. மூன்றரை ஆண்டுகள் அந்தக் கதவு திறக்கவில்லை.

அந்த மூன்றரை ஆண்டுகளில் அங்கே நடந்ததை நாம் நூல்களில் படிக்கிறோம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டபோது, அதன் ஆலோசகர்களில் ஒருவராகக் கையொப்பமிட்டவர் கரீம் கனி. பின்னாளில் ‘மலாயா நண்பன்’ நாளிதழின் ஆசிரியராக விளங்கிய தமிழ் முஸ்லிம். மலாயாவில் அப்படையில் புதிதாகச் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, துறைமுகக் கூலி என்று எல்லாரும் சேர்ந்தார்கள். அனைவரும் தேசபக்தி ஒன்றாலேயே சேர்ந்தார்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது. படையில் சேராவிட்டால் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது, பசியும் இருந்தது. காரணம் எதுவாயினும், இம்பால் மலைகளில் 1944இல் விழுந்தவன் விழுந்தவன்தான். குண்டுக்கு இரையானவர்களைவிட, பின்வாங்கும்போது மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையானவர்களே மிகுதி.

அவர்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. 1945 ஜூலை 8 அன்று சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கர்னல் ஸ்ட்ரேஸி முன்னின்று விரைவாகக் கட்டி முடித்தார். அதில் பொறித்தவை மூன்றே சொற்கள்: இத்திஃபாக், இத்திமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். மூன்றாவது சொல்லுக்கு நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அந்தச் சின்னம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இருந்த இடத்தை அறிவிக்கும் ஓர் அடையாளச் சின்னத்தைச் சிங்கப்பூர் அரசினர் 1995இல்தான் நிறுவினார்கள்.

அதே சிங்கப்பூரில் கிராஞ்சியில், ஆங்கிலேயர் பக்கம் நின்று மடிந்து கபுர் அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவர் சுவராகப் பொறிக்கப்பட்டுள்ளன. ரங்கூனை அடுத்த தவுக்யானில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். இம்முறை இந்தியச் சிப்பாயின் பெயரும் விடுபடவில்லை. முஹம்மதுகளும் அப்துல்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. எந்தக் கொடியின் கீழ் இறந்தாலும் தாய்க்கு மகன் ஒருவனே. ஆனால் எதிர்வரிசையில் நின்று இறந்தவனின் தாய் விரல் வைத்துத் தடவிப் பார்க்க ஓர் எழுத்துக்கூட இல்லை.

அப்படையைச் சேர்ந்தவர்களில் நாளும் இடமும் துலக்கமாகத் தெரிந்தவர் வக்கம் அப்துல் காதிர். திருவிதாங்கூரைச் சேர்ந்தவர், மலாயாவுக்குப் பிழைக்கப் போய், நீர்மூழ்கிக் கப்பலில் ஒற்றராகத் தாயகத்துக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்டவர். 1943 செப்டம்பர் 10, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை, சென்னைச் சிறையில் வேறு மூவரோடு தூக்கிலிடப்பட்டார். அப்போது வயது 26. அவருடைய ஊரார் அந்த நாளில் அவரை நினைக்கிறார்கள். நாள் தெரிந்தால் நினைக்கலாம்.

நாள் தெரியாத வீட்டின் நிலை என்ன? இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

ஓர் உயிர் பிரிந்த நாள் நம் மார்க்கத்தில் வெறும் தேதியன்று. அந்த நாளிலிருந்து மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அந்த நாளை வைத்தே வாரிசுகள் யார் யார் என்று கணக்கு. மூன்றாம் நாள், நாற்பதாம் நாள், ஆண்டு ஃபாத்திஹா எல்லாம் அதிலிருந்தே எண்ணப்படுகின்றன. 1946இல் கடிதப் போக்குவரத்து சீரடைந்தபோது, பல வீடுகளுக்குக் கடிதம் வந்தது. சில வீடுகளுக்கு ஆளே வந்து இறங்கினார். எதுவும் வராத வீடும் இருந்தது. ‘பர்மாப் பக்கம் போனார், பிறகு பார்க்கவில்லை’ என்று இன்னொரு சபுராளி சொன்ன ஒரு வாக்கியத்தோடு ஒரு பெண்ணின் வாழ்க்கை நின்றுவிடும். அவள் விதவையா, மனைவியா?

மார்க்கச் சட்ட நூல்கள் இத்தகையவனை மஃப்கூத், காணாமற்போனவன் என்கின்றன. காவிரிப் படுகையின் உள்நாட்டு ராவுத்தர் ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை. அந்த மத்ஹபின் பழைய தீர்ப்புப்படி, கணவனின் வயதொத்தவர்கள் எல்லாரும் மறையும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபி மத்ஹபிலும், இமாம் அவர்களின் பிந்திய கருத்துப்படி, இறப்பு உறுதியாக வேண்டும். ஜனாஸாத் தொழுகையிலும் இந்த வேறுபாடு வந்து நிற்கும். தூர தேசத்தில் இறந்தவருக்குக் காயிப் ஜனாஸா தொழ ஷாஃபிகளுக்கு அனுமதி உண்டு, ஹனஃபிகளுக்கு இல்லை. ஒரே பர்மாக் காட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் மடிந்து, செய்தி உறுதியாக வந்திருந்தால், அதிராம்பட்டினத்துக்காரருக்கு ஊரில் தொழுகை நடக்கும். ராஜகிரிக்காரருக்கு துஆ மட்டுமே.

மாலிக்கி மத்ஹபு நான்கு ஆண்டுகள் என்று எல்லை வகுத்திருந்தது. பெண்களின் துயரைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள், ஹனஃபி ஆலிமாக இருந்தும், அந்தக் கருத்தை ஏற்கலாம் என்று ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ நூலில் வழிகாட்டினார். அதன் தொடர்ச்சியாகவே 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. நான்கு ஆண்டுகள் கணவனைப் பற்றிய தகவல் இல்லையென்றால் மனைவி நீதிமன்றம் செல்லலாம். தீர்ப்பு வந்தாலும் ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் அவன் திரும்பி வந்து குடும்பம் நடத்த முன்வந்தால் தீர்ப்பு ரத்தாகும். வாசலை முழுவதுமாகச் சாத்திவிடாமல், ஆறு மாதம் ஒருக்களித்து வைத்த சட்டம்! போர் தொடங்கிய ஆண்டிலேயே இது வந்தது ஒரு வியப்பு. ஆனால் பர்தாவைக் கடந்து, கச்சேரிப் படியேறி, ‘என் கணவர் இல்லை என்று எழுதிக்கொடுங்கள்’ என்று கேட்க எத்தனை பெண்களுக்கு மனம் வந்திருக்கும்? சட்டம் கொடுத்த உரிமையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஆண்களுக்கு எளிது. ஒரு தாயின் முன்னால் அவள் மகனை இறந்தவனாக அறிவிக்கும்படி கேட்பது மருமகளுக்கு எளிதன்று.

விடுதலைக்குப் பிறகு நாடு தன் படைவீரர்களை மறந்துவிடவில்லை. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாக அனுசரிக்கப்படுகிறது. சிவப்பு, கருநீலம், இளநீலம் கொண்ட சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு நாணயம் போட்ட பள்ளிக்கூட நாட்கள் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். டெல்டாவில் அது மழைக்காலம். கொடி நனைந்து சாயம் சட்டையில் இறங்கும். அந்த நிதி முன்னாள் படைவீரருக்கும், போரில் கணவனை இழந்தவர்களுக்கும் போகிறது. ஜெனரல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14ஆம் நாள், 2017 முதல் முன்னாள் படைவீரர் நாளாகவும் கொண்டாடப்படுகிறது. அதுவோ நமக்குப் பொங்கலும் அறுவடையுமான நேரம்.

தேசிய ராணுவத்தார் இந்த நாட்களின் கணக்கில் வருவதில்லை. அவர்களுக்கென 1972 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் விண்ணப்பத்தோடு சிறைச் சான்றிதழோ, உடன் சிறையிருந்தவர் தரும் சான்றோ வேண்டும். சிறையிலிருந்து திரும்பியவரிடம் சான்று இருக்கும். காட்டில் விழுந்தவருக்கு யார் சான்று தருவது? முப்பது ஆண்டு கடந்து, கணவரின் படைப் பெயரைக்கூடச் சரியாக அறியாத ஒரு கைம்பெண்ணிடம் தாள் கேட்டால் அவள் எங்கே போவாள்? பெட்டியில் இருப்பது பினாங்கிலிருந்து 1941இல் வந்த கடைசிக் கடிதம் மட்டுமே.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு நடந்த மூத்தா போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) இரு கரங்களையும் இழந்து ஷஹீதானார்கள். தூதர் வந்து சேருமுன்பே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்தியை அறிவித்தார்கள். ஜஅஃபரின் வீட்டுக்குத் தாமே சென்று பிள்ளைகளை அழைத்து அணைத்துக்கொண்டார்கள். பிறகு தம் வீட்டாரிடம், ஜஅஃபரின் குடும்பத்துக்கு உணவு சமைத்தனுப்புமாறு கூறினார்கள். துயரத்தில் அவர்கள் அடுப்பை மறந்திருப்பார்கள் என்பதே காரணம். மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்ட விடாமல் அண்டை அயலார் சோறு அனுப்பும் நம் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. நினைவுச் சின்னத்துக்குக் கல் தேடும் முன்பு சோற்றுப் பானையைத் தேடியது அந்தச் சமுதாயம். ஆனால் இறந்த செய்தியே வராத வீட்டுக்கு யார் சோறு அனுப்புவார்கள்? அங்கே மூன்று நாளும் தொடங்கவில்லை, முடியவுமில்லை.

இன்று அந்தப் பெண்களும் இல்லை. பேரப்பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பராஅத் இரவில் நம் ஊர்களின் மையவாடிகளில் விளக்கு எரிகிறது. பெயர் சொல்லி, கபுரருகே நின்று யாசீன் ஓதுகிறார்கள். கபுர் இல்லாதவர்களுக்கு வீட்டுக் கூடத்திலேயே ஓதிவிடுவது வழக்கம். ஓதி முடித்து ஹதியா செய்யும்போது பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள்: வாப்பா, வாப்பிச்சா, பெரிய வாப்பா. கடைசியில், ‘கடலிலும் கரையிலும் மௌத்தான நம் குடும்பத்தார் எல்லாருக்கும்’ என்று ஒரு சொல் சேரும்.