பட்டிப்பளை ஆற்றுக்கு மேல ஒரு படகு

இங்கினியாகலையில படகு ஏறும்போது எங்களுக்குள்ள ஒரே கதை யானை பற்றித்தான். சேனநாயக்க சமுத்திரத்தில யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும் என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தோம். படகோட்டி ஐயாவிடம் எங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில கேட்டோம், இந்தத் தீவெல்லாம் முந்தி என்ன என்று. "மலை," என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லில கல்லோயாவின் முழுக் கதையும் இருக்கு. நாங்கள் போன தண்ணீருக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி அணையைக் கட்டியது. வேடர்கள் வேட்டையாடி, தேன் எடுத்துத் திரிந்த காட்டில ஒரு பெரும்பகுதி நீருக்குள்ள போனது. மிச்சத்தை 1954இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். விலங்குகள் மேல வந்த பாசம் மட்டும் காரணமில்லை. சுற்றிவரக் காட்டை வெட்டினால் மண் கரைந்து வந்து குளத்தை நிரப்பிவிடும். ஆக, குளத்துக்குக் காவலாகத்தான் காடு காப்பாற்றப்பட்டது. அந்தக் காட்டில இன்றைக்கும் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் நிறைய.

மீனுக்கும் ஒரு கதை இருக்கு. எங்கட குளங்களில பிடிபடுகிற திலாப்பியா இந்த நாட்டு மீனே இல்லை. 1952இல்தான் கொண்டுவந்தார்கள். புதுக் குளம், புது மீன், புதுக் குடியேற்றம், எல்லாம் ஒரே காலம்.

குடியேற்றம் என்று சொல்லிவிட்டு இலேசாகக் கடந்து போக ஏலாது. வாய்க்கால்களின் தலைப்பக்கம் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றங்கள். தமிழ், முஸ்லிம் ஊர்கள் கடைசிப் பக்கம். தண்ணீர் யாருக்கு முதல் கிடைக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த அதே நாட்களில, இந்தப் பள்ளத்தாக்கில தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அபிவிருத்திச் சபையில வேலை செய்தவர்களும் தப்பவில்லை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது.

பூங்கா வாசல் பலகையில 'கல்லோயா' என்றுதான் இருந்தது. எங்கட அம்மம்மாக்கள் இந்த ஆற்றைப் பட்டிப்பளை ஆறு என்பார்கள். திரும்பும் வழியில எங்களில ஒருத்தி அந்தப் பெயரை ஐயாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "திரும்பச் சொல்லுங்க," என்றார்.

யானை ஒன்றும் தெரியவில்லை.