இரும்புத் தகட்டிலிருந்து கரியிழை வரை

2024 டிசம்பர் முதல் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால் நமக்கு அண்டையிலுள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. மழை வடிந்த பின், கூட்டேரிப்பட்டிலும் சுற்றூர்களிலும் பழைய தளங்களில் காரை பெயர்ந்து துருவேறிய கம்பிகள் பல்லிளித்ததைக் கண்டோம். இத்தகைய கட்டடங்களுக்கு 'ஃபைபர் ஒட்டினால் போதும்' என்று கூறுவோர் பெருகி வருவதால், அதன் வரலாற்றை ஜமாஅத்தார் முன் வைக்கிறோம்.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. அதற்காகவே உள்ளே கம்பி இடுகிறோம். அக்கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும். 1960-களின் பிற்பகுதியில் பிரான்சில் லெர்மித் முதலானோர் எஃகுத் தகடுகளை எபாக்சிப் பசையால் உத்திரத்தின் அடியில் ஒட்டி வலுவூட்டினர். பலன் கிட்டியது. ஆனால் தகடு கனமானது. பசைக்கும் தகட்டுக்கும் இடையே துருவும் புகுந்தது. மருந்துக்கே நோய் வந்த கதைதான்!

இதற்கு மாற்றாக, சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் உர்ஸ் மையர் 1980-களில் கரியிழைப் பட்டைகளைச் சோதித்தார். லூசெர்ன் நகரருகே 228 மீட்டர் நீளமுள்ள ஈபாக் பாலத்தில், போக்குவரத்து விளக்கு அமைக்கத் துளையிட்டபோது உள்ளிருந்த இழுகம்பி தவறுதலாக அறுபட்டது. 1991-இல் அதனைச் சரிசெய்ய 175 கிலோ எஃகு தேவைப்பட்டிருக்கும். கரியிழைப் பட்டையோ 6.2 கிலோ மட்டுமே போதுமானதாயிற்று. சாரமும் கட்டவில்லை.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேம்பாலத் தூண்கள் முறிந்தன. அதன் பின்னர், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டுவது போல், தூண்களைச் சுற்றிக் கரியிழைத் துணி இறுக்கி ஒட்டும் முறை அங்கே வேகமாகப் பரவியது. அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனம் 2002-இல் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. நம் நாட்டிலும், சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இத்துறையில் ஆய்வு நடத்தியுள்ளது.

எனினும் குறைகளும் உண்டு. பட்டை துருப்பிடிக்காது, ஆனால் எபாக்சி தீயின் வெப்பத்தில் இளகிவிடும். ஆகவே, பட்டை கழன்றாலும் கட்டடம் அன்றாடப் பாரத்தைத் தாங்கி நிற்குமா என்று முதலில் கணக்கிட வேண்டும். துருவைச் சுரண்டி, நொய்ந்த கான்கிரீட்டை நீக்கிய பிறகே ஒட்ட வேண்டும். இல்லையேல் போர்வைக்குள் துரு வளரும்.

நம்மிடம் வந்த ஒப்பந்ததாரர் ஒருவர், இவை எதுவுமின்றி ஒரே வாரத்தில் வெளிப்பள்ளித் தூண்களைச் சுற்றித் தருவதாகக் கூறினார். நிர்வாகக் குழு இசையவில்லை. கட்டமைப்புப் பொறியாளரின் சோதனை அறிக்கை கிடைத்த பின்னரே அத்தூண்களில் கை வைப்பதென முடிவு செய்துள்ளோம்.