ஜூனியர் வழக்கறிஞர் (சென்னை உயர் நீதிமன்ற மரபு)

சட்டப் படிப்பை முடித்தவர் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் தொழில் பழகுவதே ஜூனியர் மரபு. சென்னையின் பெரிய அலுவலகங்களுக்கு இந்த ஜூனியர்களே அடுத்த தலைமுறை. தொழிலைக் கற்றுக்கொடுப்பதில் அந்த அலுவலகங்கள் குறை வைத்ததில்லை. ஆனால் உள்ளே யார் வரலாம் என்பதை விரிவாக்கியவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சட்டங்களும் நீதிமன்ற ஆணைகளுமே என்பதை இந்த மரபின் வரலாறு காட்டுகிறது.

1862-இல் உயர் நீதிமன்றம் அமைந்தபோது பாரிஸ்டர்கள், அட்டர்னிகள், வக்கீல்கள் என்று தொழில் பிரிந்து கிடந்தது. கல்கத்தா, பம்பாய் நீதிமன்றங்களைப் போலன்றி, சென்னையில் வக்கீல்கள் அசல் வழக்குப் பிரிவிலும் வாதாட முடிந்தது. இந்திய வக்கீல்களின் அலுவலகங்கள் இங்கு வேகமாக வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். வெ. பாஷ்யம் அய்யங்கார் 1897-இல் தற்காலிக அட்வகேட் ஜெனரலாகி, அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். மயிலாப்பூர் வக்கீல்கள் சனிக்கிழமைகளில் கூடித் தீர்ப்புகளை விவாதித்த பழக்கத்திலிருந்து 1891-இல் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பிறந்தது. வழக்குக் கட்டைப் படித்துச் சுருக்கம் எழுதுவது, முன்தீர்ப்புகளைத் தேடி எடுப்பது, மனு வரைவது, வாய்தா கேட்க நீதிபதி முன் எழுந்து நிற்பது ஆகியவற்றை எந்தப் பாடநூலும் கற்றுத்தந்துவிட முடியாது. சீனியரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்கே அவை கைவந்தன.

இந்த அலுவலகங்கள் பணக்காரர்களுக்கு மட்டுமா திறந்திருந்தன என்று ஒருவர் மறுத்துக் கேட்கலாம். நெல்லூர் மாவட்டத்துக் கோயில் அர்ச்சகர் ஒருவரின் மகனான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், பி.ஆர். சுந்தரம் ஐயரிடம் தொழில் பழகி அட்வகேட் ஜெனரலானார். பின்னர் அரசியலமைப்பு வரைவுக் குழுவிலும் இடம்பெற்றார். திறமை கண்டுகொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்ணில் பட்ட திறமை, பெரும்பாலும் ஏற்கெனவே ஆங்கிலக் கல்வி எட்டியிருந்த சமூகங்களிலிருந்து, அதிலும் குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களிலிருந்து வந்தது. பெண்களுக்கோ திறமை இருந்தும் பயனில்லை. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தடையை நீக்கிய பிறகே 1929-இல் பி. ஆனந்தா பாய் சென்னையின் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடிந்தது. அந்தச் சட்டம் வரும்வரை எந்தச் சீனியர் எவ்வளவு பெருந்தன்மை உடையவராக இருந்தாலும், ஒரு பெண்ணைத் தம் ஜூனியராக நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க முடியாது. 1926-ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டமும் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டமும் தொழிலுக்குள் இருந்த பழைய வகுப்புப் பிரிவுகளைக் கரைத்தன.

பதிவுக்கு முன் பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையை 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. அகில இந்தியப் பார் கவுன்சில் அதை விதிகள் மூலம் மீட்க முயன்றது. உச்ச நீதிமன்றம் 1999-இல் அந்த விதிகளைச் செல்லாதவை என்றது. 2010-இல் வந்த அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு சட்ட அறிவைச் சோதிக்கிறது. நீதிமன்றப் பழக்கத்தைத் தருவதில்லை. ஆக, சட்டப்படி தேவையற்றதாகிவிட்ட ஜூனியர் காலம் நடைமுறையில் தவிர்க்க முடியாததாகவே தொடர்கிறது. அந்த ஆண்டுகளில் வீட்டு வாடகை கொடுக்கப் பணம் இருப்பவரே தாக்குப்பிடிக்கிறார். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கிடைக்க வழிசெய்யுமாறு மாநிலப் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. கற்றுக்கொடுப்பதே பெரிய கைம்மாறு, சிறு ஊர்ச் சீனியருக்கே வருமானம் நிலையில்லை என்ற எதிர்வாதம் எழுந்தது. அதன் பிற்பகுதி நியாயமானது; அத்தகையோருக்கு வழக்கறிஞர் நல நிதியிலிருந்து பங்கிட வழி காண வேண்டும். முற்பகுதியை ஏற்க முடியாது. ஜூனியர் வரைந்த மனுவுக்கும் அவர் நீதிமன்றத்தில் காத்திருந்த நாளுக்கும் கட்சிக்காரர் கட்டணம் தருகிறார். அந்த உழைப்பில் அலுவலகம் வாழ்கிறது. அகில இந்தியப் பார் கவுன்சில் அதே ஆண்டு அக்டோபரில் அனுப்பிய சுற்றறிக்கையும் இதே தொகைகளைப் பரிந்துரைத்தது. ஆயினும் உதவித்தொகையைக் கட்டாயமாக்கும் பிரிவு எதுவும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை.